மஹாபொலவைத் தந்தவர்: லலித் அத்துலத்முதலியும் தாமதமாகும் உதவிப்பணமும்

இறக்காமத்தில் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பிய எந்த வீட்டிலும் 'மஹாபொல' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. காசு விழுந்துவிட்டதா, இந்த மாதமும் இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. அந்தக் காசைத் தொடக்கிவைத்தவர் யார் என்று கேட்டால், படிக்கிற பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. மூத்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் அந்தப் பெயரை நினைவில் வைத்திருப்பது உதவிப்பணத்துக்காக அல்ல, யுத்தத்துக்காக.

லலித் அத்துலத்முதலி. மஹாபொலவை உருவாக்கிய வர்த்தக அமைச்சரும், 1984 முதல் யுத்தத்தை வழிநடத்திய தேசிய பாதுகாப்பு அமைச்சரும் இவரே. உதவிப்பணத்தில் படித்து ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றவன் நான். யுத்தம் முடிந்த 2009 இல் உயர்தரம் முடித்த வயதில் இருந்த தலைமுறை எங்களுடையது. இந்த இரண்டு லலித்களையும் ஒரே மனிதராகப் பார்ப்பது எங்களுக்கு இலகுவான காரியமல்ல. அதனால்தான் அவருடைய வாழ்க்கையைத் திரும்ப வாசித்தேன்.

ஒக்ஸ்போர்டில் நின்றுபோன காசு

1936 நவம்பர் 26 இல் பிறந்தவர். கொழும்பு றோயல் கல்லூரியில் படித்துவிட்டு, 1950களின் நடுப்பகுதியில் சட்டம் படிக்க ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரிக்குப் போனார். 1958 இல் ஒக்ஸ்போர்ட் மாணவர் ஒன்றியத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர் அவர். அடுத்த ஆண்டே அதே நாற்காலியில் இன்னொரு இலங்கையர் அமர்ந்தார். அவர் தமிழரான லக்ஷ்மன் கதிர்காமர். இருவரும் பின்னாளில் அமைச்சர்களானார்கள். இருவரும் துப்பாக்கிக்கே இரையானார்கள்.

லலித்தின் ஒக்ஸ்போர்ட் நாட்களில் நடந்த ஒரு சம்பவம் இந்தக் கட்டுரைக்கு மிக முக்கியம். படிப்பு முடியுமுன்பே தந்தை திடீரென்று இறந்துபோனார். ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டிய நிலை. அப்போது பிரதமராக இருந்தவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, அவரும் ஒக்ஸ்போர்டில் படித்தவர். அவருடைய தலையீட்டில் அரசாங்கத்திடமிருந்து விசேட உதவிப்பணம் கிடைத்தது, லலித் படிப்பை முடித்தார். மஹாபொல என்ற எண்ணத்தின் விதை இதுதான் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அது உரிய நேரத்தில் வந்த காசு. தேர்ந்தெடுத்த ஒருவருக்கு மட்டும் பிரதமரின் தயவில் கிடைத்த காசும்கூட. அதே ஆண்டுகளில்தான் 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தையும் 1958 இன் கலவரத்தையும் தமிழர்கள் எதிர்கொண்டார்கள். ஒரு மாணவனின் படிப்பைக் காப்பாற்றியதும், ஒரு மொழியை அலுவலகங்களிலிருந்து வெளியேற்றியதும் ஒரே அரசாங்கம்.

பெரிய சந்தை

இங்கிலாந்தில் பாரிஸ்டரானார், அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்தார், சிங்கப்பூரில் சட்ட விரிவுரையாளராக இருந்தார். பிறகு நாடு திரும்பி வழக்கறிஞராகத் தொழில் செய்தார். 1977 தேர்தலில் இரத்மலானைத் தொகுதியில் ஐக்கிய தேசியக் கட்சி சார்பில் வென்றதும் ஜே.ஆர். ஜயவர்தன அவரை வர்த்தக அமைச்சராக்கினார். திறந்த பொருளாதாரம் தொடங்கிய காலம் அது.

'மஹா' என்றால் பெரிய, 'பொல' என்றால் சந்தை. நாட்டின் பல பகுதிகளில் அமைச்சு நடத்திய வர்த்தகக் கண்காட்சிகளுக்கு வைத்த பெயர்தான் மஹாபொல. அந்தச் சந்தைகளில் சேர்ந்த வருமானத்தை ஒரு நிதியமாக்கி, வசதியற்ற பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கொடுப்பது அவருடைய திட்டம். 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் மஹாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் உருவானது. நம்பிக்கைப் பொறுப்பாளர் சபைக்குப் பிரதம நீதியரசர் தலைமை தாங்குவார் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பின்னர் தொடங்கிய அபிவிருத்தி லொத்தரின் வருமானத்திலும் நிதியத்துக்குப் பங்கு ஒதுக்கப்பட்டது.

இந்த அமைப்பில் ஒரு நல்ல யோசனை இருந்தது. வரவுசெலவுத் திட்டத்தில் பணம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் நம்பி மாணவன் காத்திருக்கக் கூடாது, நிதியத்துக்கென்று தனி ஊற்று இருக்க வேண்டும். பெற்றோரின் வருமானத்தையும் பரீட்சைப் பெறுபேற்றையும் பார்த்துத் தெரிவு. சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் ஒரே அளவு. தரப்படுத்தலில் மனம் நொந்திருந்த தமிழ் மாணவர்களும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றார்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்ததும் அதே 1981 இல்தான்.

பாதுகாப்பு அமைச்சர்

1983 ஜூலைக்குப் பிறகு தொலைக்காட்சியில் பேசிய வர்த்தக அமைச்சரின் கவலை, மக்கள் மீண்டும் உணவுக்காக வரிசையில் நிற்கிறார்களே என்பதாக இருந்தது. வீடும் கடையும் உயிரும் இழந்தவர்களுக்கான ஆறுதலைத் தமிழர்கள் அந்தப் பேச்சில் தேடினார்கள். கிடைக்கவில்லை.

1984 இல் தேசிய பாதுகாப்பு அமைச்சும் பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் பதவியும் அவருக்கு வந்தன. படைகள் பெருகின. ஊர்காவல் படையினரின் கைகளுக்குத் துப்பாக்கிகள் போயின. இஸ்ரேலின் பாதுகாப்பு உதவி பெறப்பட்டு, கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன் பிரிவு திறக்கப்பட்டது. அதை எதிர்த்து முஸ்லிம்கள் குரல் கொடுத்தார்கள், கிழக்கிலும் அது ஒலித்தது.

நம் மாவட்டத்துக்கு அந்த ஆண்டுகள் தந்தவை மறக்கக்கூடியவை அல்ல. 1985 ஏப்ரலில் காரைதீவுப் பக்கம் தமிழர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட வன்முறை, அருகருகே வேளாண்மை செய்த மக்களைப் பிரித்தது. 1986 பெப்ரவரியில் உடும்பன்குளத்தில் வயலில் நின்ற தமிழ் விவசாயக் குடும்பங்கள் கொல்லப்பட்டன. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை. அதே ஆண்டு மே மாதம் வடமராட்சி. இவை எல்லாம் நடந்தபோது பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் மஹாபொலவைத் தந்த அதே மனிதர்.

உடும்பன்குளத்தில் வாப்பாவையோ அப்பாவையோ இழந்த ஒரு பிள்ளை பின்னாளில் மஹாபொல வாங்கிப் படித்திருந்தால் அதை நன்றிக்கடன் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் காசு லலித்தின் சட்டைப்பையிலிருந்து வந்ததல்ல. சந்தையில் சாமான் வாங்கியவரும் லொத்தர்ச் சீட்டு எடுத்தவரும் வரி கட்டியவரும் சேர்ந்து கொடுத்தது. அதில் நம் ஊர்க்காரரின் பங்கும் உண்டு. உரிமையாக வாங்குகிற காசுக்காக மரணங்களை மறக்கத் தேவையில்லை. மரணங்களை நினைப்பதற்காக அந்த நல்ல ஏற்பாட்டை மறுக்கவும் தேவையில்லை.

கிருலப்பனை

1987 ஓகஸ்ட் 18 இல் நாடாளுமன்றக் கட்டடத்தில் வீசப்பட்ட கைக்குண்டில் லலித் படுகாயமடைந்து தப்பினார். அந்தத் தாக்குதலின் பின்னணியில் இருந்தது ஜே.வி.பி. ரணசிங்க பிரேமதாச ஜனாதிபதியான பிறகு விவசாயத்துக்கும் பின்னர் கல்விக்கும் அமைச்சராக இருந்தார். 1991 இல் பிரேமதாசவுக்கு எதிரான குற்றப்பிரேரணையில் முன்னின்று கட்சியை விட்டு நீக்கப்பட்டார். காமினி திசாநாயக்கவுடன் சேர்ந்து ஜனநாயக ஐக்கிய தேசிய முன்னணியைத் தொடங்கினார்.

1993 ஏப்ரல் 23 இல், மாகாணசபைத் தேர்தலுக்காகக் கிருலப்பனையில் நடந்த கூட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 56. அடுத்த நாள் அந்தப் பகுதியில் ஒரு தமிழ் இளைஞனின் உடல் கிடந்தது. அவனே கொலையாளி, இது புலிகளின் வேலை என்று அரச தரப்பு சொன்னது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜனாதிபதி ஆணைக்குழு அந்தக் கதையை ஏற்காமல் பிரேமதாச தரப்பை நோக்கியே விரல் நீட்டியது. யார் கொன்றாலும் பழிபோட ஒரு தமிழ் உடல் போதுமாக இருந்த காலம் அது. லலித்தின் கொலைக்கு எட்டு நாட்களின் பின், மே 1 இல், பிரேமதாசவும் கொல்லப்பட்டார்.

மிஞ்சியது

அவர் இறந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கண்காட்சிகள் நினைவாகிவிட்டன, உதவிப்பணம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிய பிறகு, ஒலுவில் வரை பஸ்ஸில் போய்ப் படிக்கலாம் என்ற நிலை இறக்காமத்துப் பிள்ளைகளுக்கு வந்தது. அதற்காக உழைத்த எம்.எச்.எம். அஷ்ரஃபும் இன்று இல்லை.

பல ஆண்டுகள் மாதம் 5,000 ரூபாயாக இருந்த தொகை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக உயர்த்தப்பட்டது. மஹாபொல கிடைக்காதவர்களுக்கான பேசரி 4,000 இலிருந்து 6,500 ஆனது. 7,500 என்றால் ஒரு நாளைக்கு 250 ரூபாய். கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்ட 2022 செப்டெம்பரிலும் மாணவர்கள் பழைய 5,000 ஐயே வைத்துச் சாப்பிட்டார்கள்.

தொகை ஒரு பக்கம், தேதி இன்னொரு பக்கம். தாமதத்தை எதிர்த்து மாணவர்கள் குரல் எழுப்புவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. நிதியம், திறைசேரி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பல்கலைக்கழகம், வங்கி என்று காசு பல மேசைகளைத் தாண்ட வேண்டும். மிகக் கூடுதலாக அடிபடுவது முதலாம் வருடம். விடுதிக்கோ போர்டிங்குக்கோ முற்பணம், உடுப்பு, போட்டோபிரதி, பஸ் காசு எல்லாம் முதல் வாரத்திலேயே வேண்டும். பட்டியல் பிறகுதான் வரும்.

இறக்காமத்தில் வேளாண்மை வெட்டு முடிந்தால்தான் கையில் காசு. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் நடுவில் பல்கலைக்கழகம் தொடங்கினால் உம்மாவின் நகை அடகுக்குப் போகும். நிலுவையெல்லாம் சேர்ந்து பிறகு ஒரே நாளில் வங்கியில் விழலாம். ஆனால் அடகு வட்டியை எவரும் திருப்பித் தருவதில்லை. உதவிப்பணம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் ஏழை வீடுதான் அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கிறது.

மாதத்தின் ஒரு நிச்சயமான தேதி, புதிய மாணவர்களுக்குப் பட்டியல் வரும்வரை ஒரு முற்பணம், தாமதமானால் எந்த மேசையில் நிற்கிறது என்று மாணவருக்குத் தெரியும் ஏற்பாடு. கேட்பது இவ்வளவுதான். நடுவழியில் காசு நின்றால் ஒரு மாணவனுக்கு என்ன நடக்கும் என்பது இந்த நிதியத்தை உருவாக்கியவருக்குச் சொந்த அனுபவம். அவருக்கு ஒரு பிரதமர் இருந்தார். நம் பிள்ளைகளுக்கு இருப்பது ஒரு சட்டமும் அடகுக் கடையும். சட்டம் நேரத்துக்கு வேலை செய்தால் அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை.