மானிப்பாயில் மலர்ந்த மருத்துவத் தமிழ்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

நோயைத் தீர்ப்பவர் மருத்துவர். அந்த மருத்துவரையே உருவாக்குபவர் ஆசிரியர். இவ்விரு பணிகளையும் ஒருசேர ஏற்று, அவற்றைத் தமிழிலேயே செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் தமிழர் அல்லர். தமிழ் வழங்கும் நாட்டில் பிறந்தவரும் அல்லர். கடல் பல கடந்து யாழ்ப்பாணத்திற்கு வந்து, அங்குள்ள ஊர்ப் பிள்ளைகளை மேலைநாட்டு மருத்துவர்களாக்கிய அமெரிக்கர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களே அவர்.

பள்ளியில் தமிழ்வழி பயின்று, கல்லூரிக்கு வந்து முதன்முதலாக ஆங்கிலப் பாடநூலைத் திறந்தபோது, நன்கு அறிந்த கல்லீரலும் கணையமும் அறியாத பெயர்களோடு நிற்பதைக் கண்டு திகைத்தவர்கள் நம்மில் பலர். அவர்கள் அனைவரும் இப்பெரியாரின் வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்றொரு நகர் உள்ளது. அங்கே 'கிறீன் ஹில்' என்னும் குன்றின்மேல் அமைந்த குடும்ப இல்லத்தில் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சாமுவேல் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். குடும்பம் பெரியது. உடன்பிறந்தவர்களுள் ஒருவரான ஆண்ட்ரூ பின்னாளில் நியூயார்க் நகரின் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் உருவாக முன்னின்று உழைத்தவர். அண்ணன் தம்பியருள் ஒருவர் உலகின் பெருநகர் ஒன்றுக்குப் பூங்கா கண்டார். மற்றவர் பனைமரங்கள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் மருந்துச் சாலை கண்டார்.

நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்ற கிறீன், நினைத்திருந்தால் அந்நகரிலேயே செல்வமும் செல்வாக்கும் ஈட்டியிருக்கலாம். அவரது உள்ளமோ தொண்டை நாடியது. அமெரிக்க மிஷன் சங்கத்தில் மருத்துவராகச் சேர்ந்து, 1847 ஏப்ரலில் பாஸ்டன் துறைமுகத்தில் பாய்மரக் கப்பல் ஏறினார். சென்னை வழியாக அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் அடைந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

யாழ்ப்பாணத்து நிலை

அமெரிக்க மிஷனார் 1816 முதலே யாழ்ப்பாணத்தில் பணியாற்றி வந்தனர். அவர்களுள் ஒருவரான டாக்டர் ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் முதன்முதலாக மருத்துவப் பணியைத் தொடங்கியவர். அவருடைய பேத்தியே வேலூரில் மருத்துவக் கல்லூரி கண்ட டாக்டர் ஐடா ஸ்கடர் என்பது நாம் மகிழ்ந்து எண்ணத்தக்கது.

1823இல் தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி அக்காலத்தில் உயர்கல்வி நிலையமாக விளங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக 1857இல் தேறிய கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகிய இருவரும் அங்குப் பயின்றவர்களே. அங்கே உயர்தரப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன.

கிறீன் 1848இல் மானிப்பாயில் குடியேறி மருந்துச் சாலையை அமைத்தார். நோயாளிகள் நாளுக்குநாள் பெருகினர். வாந்திபேதி பரவிய காலங்களில் ஒருவர் மட்டும் ஊர் ஊராகச் சென்று உயிர் காப்பது இயலாத செயல் என்பதைக் கண்டார். நூறு ஊர்களுக்கு ஓர் அயல்நாட்டு மருத்துவர் இருப்பதினும், ஊருக்கு ஒரு மருத்துவர் அவ்வூரிலேயே பிறந்தவராக இருப்பது மேல் என்று எண்ணினார். அந்த எண்ணமே அவருடைய பள்ளிக்கு வித்தாயிற்று.

மூவரில் தொடங்கிய பள்ளி

1848இல் மூன்று மாணவர்களைக் கொண்டு முதல் வகுப்புத் தொடங்கியது. மருத்துவம் ஒரு தொழில் என்றும், அது தம்மாலும் இயலும் என்றும் அந்த இளைஞர்களுக்கு அவர் காட்டினார். மருந்துச் சாலையே வகுப்பறை. வரும் நோயாளியே பாடம். பாடத்தைக் காலையில் கேட்ட மாணவர், அன்றே ஆசிரியர் அருகில் நின்று புண் கட்டவும் மருந்து கலக்கவும் பழகினர்.

தொடக்கத்தில் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆனால், ஆங்கிலம் கற்றுத் தேறியவர்களில் பலர் அரசாங்க வேலைக்கும் வெளியூருக்கும் சென்றுவிட்டனர். எந்த ஊர்களுக்காக அவர்களைப் பயிற்றினாரோ, அந்த ஊர்கள் மருத்துவரின்றியே நின்றன. ஆங்கிலம் அறியாத, ஆனால் அறிவிற் சிறந்த ஊர்ப் பிள்ளைகளுக்கோ இக்கல்வி எட்டாக் கனியாக இருந்தது. இவ்விரண்டு குறைகளுக்கும் மருந்து ஒன்றே என்று கிறீன் முடிவு செய்தார். அதுதான் தமிழில் மருத்துவம் கற்பித்தல்.

முடிவு செய்வது எளிது. பாடநூல் எங்கே? கலைச்சொல் எங்கே? தாமே தமிழை முயன்று கற்றார். டான்போர்த், சாப்மன் முதலிய தம் மாணவர்களைத் துணைக்கொண்டு மொழிபெயர்ப்பில் இறங்கினார். பெயரைக் கொண்டு இவர்களை வெள்ளையர் என எண்ணிவிடக் கூடாது. மிஷன் பள்ளிகளில் பயின்ற யாழ்ப்பாணத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கொடையாளர்களின் பெயரைச் சூட்டுவது அக்கால வழக்கம்.

சொல்லைத் தேடிய வகை

கலைச்சொல்லாக்கத்தில் அவர் கடைப்பிடித்த நெறி இன்றும் நமக்குப் பயன்படும். முதலில் நாட்டு வைத்திய நூல்களிலும் மக்கள் வழக்கிலும் சொல் உண்டா என்று தேடுவார். இல்லையேல் வடமொழியை நாடுவார். அங்கும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம், உடலியங்கியலுக்குச் சுகரணவாதம், அறுவை மருத்துவத்திற்கு இரணவைத்தியம், வேதியியலுக்குக் கெமிஸ்தம் என்றெல்லாம் அவர் வழங்கினார். இவற்றுட் பல இன்று வழக்கில் இல்லை. எனினும், சொல் இல்லை என்று கைவிரிக்காமல் தேடியும் படைத்தும் கொண்ட துணிவு போற்றத்தக்கது.

உடலமைப்பும் நலம் பேணலும் பற்றிய நூலும், மகப்பேற்று மருத்துவ நூலும் முதலில் வெளிவந்தன. 1867இல் இரணவைத்தியம் வெளிவந்தது. 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெருநூல் வந்தது. 1875இல் கெமிஸ்தமும், 1883இல் மனுஷ சுகரணமும் வந்தன. அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து தமிழுக்கு அளித்த மருத்துவப் பக்கங்கள் 4,000க்கும் மேற்பட்டவை. கலைச்சொல் தொகுதிகள் இவற்றிற்குத் துணையாயின.

இடையில் தாயகம் சென்று, 1862இல் மணம் செய்துகொண்டு, துணைவியாருடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1864இல் முழுவதும் தமிழிலேயே நடைபெறும் வகுப்பைத் தொடங்கினார். அவர் பயிற்றிய மருத்துவர்கள் 60க்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் பாதிக்குமேல் தமிழிலேயே மருத்துவம் கற்றவர்கள்.

ஒரு கேள்வி

பெரியோரைப் போற்றும்போது அவர்தம் கொள்கையை எடைபோடாமல் விடுதல் அறிவியல் மாணவனுக்கு அழகன்று. கிறீனுடைய மாணவர் அனைவரும் தமிழ்வழியை விரும்பி ஏற்கவில்லை. ஆங்கிலம் அறிந்தால் அரசாங்க வேலை கிடைக்கும், சம்பளம் கிடைக்கும், குடும்பம் தலையெடுக்கும். மாணவர் ஆங்கில நடையுடை மேற்கொண்டு ஊரைவிட்டு அகல்வதைக் கிறீன் விரும்பவில்லை. ஆனால், தாம் பிறந்த ஊரைவிட்டுப் பதினாயிரம் மைல் வந்த ஒருவர், பிறரை ஊரிலேயே இருக்கச் சொல்வது முறையா என்று அந்த இளைஞருள் ஒருவராவது எண்ணியிருக்க மாட்டாரா?

எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அந்த இளைஞரின் மனம் எனக்கு விளங்குகிறது. படித்த பிள்ளை வெளியூர் சென்று சம்பாதிக்க வேண்டும் என்பதே எங்கள் பெற்றோரின் ஆசை. அது பேராசை அன்று. அதே வேளையில், இரவு நேரத்தில் காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவரைத் தேடி அலையும் தாயின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கிறீன் அந்தத் தாயின் பக்கம் நின்றார். அவர் செய்த பிழை என ஒன்றைச் சொல்வதானால், தமிழில் கற்றவருக்கும் ஆங்கிலத்தில் கற்றவருக்கு ஒத்த வேலையும் மதிப்பும் கிடைக்க வழியில்லாத நாட்டில் தமிழ்வழியைத் தொடங்கியதுதான். அதுவும் அவர் பிழையன்று, ஆட்சியின் பிழை.

இன்னொரு குறையும் உண்டு. அவருடைய வகுப்புகளில் பயின்று மருத்துவரானவர்கள் ஆடவரே. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கென இணுவிலில் மக்லியொட் மருத்துவமனை 1898இல்தான் எழுந்தது.

இறுதி நாட்கள்

உடல்நலம் குன்றியதால் 1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கும் ஓய்வு கொள்ளவில்லை. வூஸ்டரில் இருந்தபடியே தமிழ்ப் படிகளைத் திருத்தி அனுப்பினார். கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் இவ்வாறு அவர் தாயகம் சென்றபின் வெளிவந்தவை. தமிழ் பேசுவார் அருகில் இல்லாத ஊரில் அமர்ந்து, என்றும் காணப்போகாத மாணவர்களுக்காக அவர் எழுதிக்கொண்டிருந்த காட்சியை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அவர் காலமானார். தாம் தமிழர்களுக்கு மருத்துவத் தொண்டராக வாழ்ந்ததைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். அவ்வாறே பொறிக்கப்பட்டது. மானிப்பாயில் கிறீன் நினைவு மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் எழுந்த மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. வேலைவாய்ப்பும் அவ்வழியே சென்றது. மரம் பட்டுப்போயிற்று எனினும் விதை அழிந்துவிடவில்லை. உயர் அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்போர்க்கு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லி, கற்பித்து, அதைக் கொண்டு நோயும் தீர்த்தாயிற்று என்று நாம் விடை கூறலாம்.

நம் கடமை

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2020இல் வந்தது. அதன் வழியே கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகின்றனர். ஆனால், கதவு திறந்திருப்பதை அறியாதவனுக்குத் திறந்த கதவும் சுவரே. செவிலியர், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே டெக்னீஷியன், இயன்முறை மருத்துவர் என எத்தனையோ படிப்புகள் இருப்பது நம் ஊர்ப் பள்ளிகளில் பயிலும் தம்பி தங்கையர் பலருக்குத் தெரியாது. பிளஸ் டூ படித்த காலத்தில் எனக்கும் தெரியாது. சொல்ல ஆள் இல்லை.

கிறீன் மூன்று மாணவர்களோடு தொடங்கினார். நாம் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, நாம் படித்த பள்ளிக்குச் சென்று மூன்று பிள்ளைகளிடமாவது இவற்றை நம் மொழியில் எடுத்துச் சொல்வோம். அயல்நாட்டார் ஒருவர் கடல் கடந்து வந்து செய்த பணியை, நாம் பஸ் ஏறிச் சென்று செய்வது பெரிய காரியம் அன்று. ஆனால் செய்தாக வேண்டிய காரியம்.