முந்நூறு பேரைத் திருப்பிய ஒரு தௌபா



நண்பர் குழாத்தில் நால்வர் குடிப்பவராகவும் ஒருவர் மட்டும் குடியாதவராகவும் இருப்பின், அந்த ஒருவரின் நிலை இக்கட்டானதே. விலகினால் நட்புப் போகும். இசைந்தால் மார்க்கம் போகும். ஆயினும் மூன்றாவது வழி ஒன்றுண்டு. தாம் உறுதியாய் நின்று, நண்பர்களையும் தம் பக்கம் திருப்புவதே அது. ஆகக்கூடிய காரியமா இது என ஐயுறுவோர், முகலாய அரசை நிறுவிய ஸஹீருத்தீன் முஹம்மது பாபரின் வாழ்வைச் சற்று உற்று நோக்கட்டும். குடியாமல் நின்றவர், குடியில் வீழ்ந்தவர், குடியைத் துறந்தவர் என்னும் மூன்று நிலைகளையும் கண்டவர் அவர். அவற்றைத் துருக்கி மொழியில் தம் வரலாற்று நூலில் ஒளிவுமறைவின்றி எழுதியும் வைத்தார்.

பாபர் 1483-ஆம் ஆண்டு பர்கானா நாட்டில் பிறந்தார். சிறு பிராயத்தில் தந்தையார் உமர் ஷைகு மிர்ஸாவே மதுவை நீட்டியபோதும் அதனை ஏற்காது தவிர்த்துக் கொண்டார். 1494-இல் தந்தையார் காலமானார். பதினோரு வயதுப் பாலகர் அரியணை ஏறினார். குவாஜா காழீ என்னும் பெரியாரின் வழிகாட்டலில், ஐயத்திற்குரிய உணவைக்கூடத் தவிர்க்கும் பேணுதல் அவரிடம் இருந்தது.

1504-இல் காபூல் அவர் வசமாயிற்று. ஈராண்டு கழித்து, தம் உறவினரான இளவரசர்களைக் காண ஹிராத் நகருக்குச் சென்றார். இன்பக் கேளிக்கைகளுக்குப் பெயர்போன மாநகர் அது. இளையவர் முஸப்பர் மிர்ஸாவின் விருந்தில் கிண்ணங்கள் சுற்றி வந்தன. இருபத்து மூன்று வயது பாபரின் உள்ளமும் தடுமாறியது. மூத்தவர் கையால் அருந்தாமல் இளையவர் கையால் அருந்துவது மரியாதையன்று எனச் சொல்லி அன்றைக்குத் தப்பினார். இருவரும் கூடும் விருந்தில் அருந்துவது என்று முடிவாயிற்று.

அவரைக் காத்தவர் யார் தெரியுமா? உடன் வந்திருந்த காஸிம் பேக் என்னும் முதிய பிரபு. தொழுகையிலும் உணவிலும் பேணுதல் மிக்கவர் அவர். தம் இளம் அரசரை வற்புறுத்துகிறார்கள் எனக் கேள்வியுற்றதும், அந்நாட்டின் பெரிய அதிகாரியான துன்னூன் பேக்கிற்கு ஆளனுப்பினார். துன்னூன் பேக் இளவரசர்களுக்குப் புத்தி கூறினார், வற்புறுத்தலும் நின்றது. விருந்து மண்டபம் முழுதும் ஒரு பக்கம், பேணுதலுள்ள ஒரு மனிதர் மறுபக்கம். வென்றது அந்த ஒரு மனிதரே.

ஆனால் அந்தக் காவல் என்றும் நிலைக்கவில்லை. 1519-ஆம் ஆண்டைப் பற்றி பாபர் எழுதிய பக்கங்களைப் புரட்டினால் படகில் குடி, தோட்டத்தில் குடி, காலையில் குடி, மாலையில் குடி! குடியாதவரைக் குடிக்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை என்பது மட்டும் அவருடைய நீண்ட நாள் வழக்கம். தர்வேஷ் முஹம்மது என்னும் தோழர் அச்சபைகளில் குடியாமலே அமர்ந்திருப்பார். ஒருநாள் மற்றொரு நண்பர் அவரை விடாப்பிடியாக வற்புறுத்தி அருந்தச் செய்துவிட்டார். சகவாசத்தின் வலிமை எத்தகையது என்பதை இந்நிகழ்ச்சியில் கண்டு கொள்ளுங்கள்.

நாற்பது வயதில் விட்டுவிடுவோம் என்று பாபர் எண்ணியிருந்தார். அதற்கு ஓராண்டுக்கும் குறைவாகவே இருக்கிறதென்று அளவு கடந்து குடித்தார். நாற்பதும் வந்தது, போயிற்று. குடி போகவில்லை. நாளைக்கு விடுவோம் என்று தவணை கூறுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1526-இல் பானிபட்டில் வெற்றி கிட்டியது. மறு ஆண்டு ராணா சங்காவின் பெரும்படை எதிர்ப்பட்டது. பாபரின் வீரர்கள் கலங்கியிருந்தனர். சோதிடர் ஒருவர் தீய குறி கூறி அச்சத்தைப் பெருக்கினார். ஹிஜ்ரீ 933, ஜமாதுல் அவ்வல் 23, அதாவது 1527 பிப்ரவரி 25. காவல் நிலைகளைப் பார்வையிடக் குதிரையேறிச் சென்ற பாபரின் உள்ளத்தை, நெடுநாள் ஒத்திவைத்த தௌபா உறுத்தியது. அன்றே மதுவைத் துறந்தார். பொன்னாலும் வெள்ளியாலுமான கிண்ணங்களும் பாத்திரங்களும் உடைக்கப்பட்டு ஏழைகளுக்கும் பக்கீர்களுக்கும் பங்கிடப்பட்டன.

இனித்தான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வருகிறது. அஸஸ் என்பவர் முதலாவதாக அவரைப் பின்பற்றினார். அன்றிரவும் மறுநாளுமாகப் பிரபுக்களும் வீரர்களும் பிறருமாக ஏறத்தாழ முந்நூறு பேர் மதுவைத் துறந்தனர். கையிலிருந்த மது மண்ணில் கொட்டப்பட்டது. கஜ்னியிலிருந்து ஒட்டகங்களில் வந்திருந்த மதுவில் உப்பிட்டுக் காடியாக்கச் செய்தார். இவ்வாறு காடியாக்குவது ஹனபீ மத்ஹபில் ஆகுமானதே. மது கொட்டிய இடத்தில் ஒரு கிணறு தோண்டவும், அருகே ஒரு தர்மசாலை எழுப்பவும் ஆணையிட்டார். பாவம் சிந்திய இடத்தில் வழிப்போக்கர் தாகம் தீர்க்கும் தண்ணீர்! மார்ச்சு மாதம் கான்வாவில் போர் நிகழ்ந்தது. வெற்றி பாபருக்கே கிட்டியது.

அந்த முந்நூறு பேரும் அவரோடு சேர்ந்து குடித்துக் களித்தவர்களே அல்லவா? அவர்களுக்கு அவர் நீண்ட பிரசங்கம் செய்து, பின்னர் அவர்கள் திருந்தினார்கள் என்பதில்லை. அவர் முதலில் தம் கிண்ணத்தை உடைத்தார். அவர்கள் தங்கள் கிண்ணங்களைக் கவிழ்த்தார்கள்.

துறந்தபின் எல்லாம் எளிதாயிற்று என எண்ணிவிடாதீர்கள். 1529-இல் காபூலிலிருந்த உயிர்த்தோழர் குவாஜா கலானுக்கு பாபர் ஒரு கடிதம் வரைந்தார். ஈராண்டுக் காலம் மதுச் சபையின் ஏக்கம் தம்மை வாட்டியதையும், கண்ணீர் பெருகும் நிலைக்கு வந்ததையும் அதில் ஒப்புக்கொண்டார். இவ்வாண்டு அவ்வேக்கம் நீங்கியது என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தார். குவாஜா உபைதுல்லாஹ் அஹ்ரார் அவர்களின் ஞான நூலைச் செய்யுளாக்கிய பரக்கத்தாக இருக்கலாம் என்றும் கருதினார். அத்துடன் நில்லாது, தோழரையும் குடியை விட்டுவிடுமாறு வேண்டினார். தாம் பட்ட பாட்டை மறையாது கூறி அழைத்தபடியால், அவ்வழைப்பில் ஆணவம் இல்லை, அன்பே இருந்தது.

பாபர் குற்றமற்றவர் என நாம் கூறவில்லை. மதுவை விட்ட பின்னும் போதை தரும் லேகியத்தை அவ்வப்போது உட்கொண்டதை அவரே எழுதியுள்ளார். போதை எதுவாயினும் ஹராமே. 1530-இல் ஆக்ராவில் அவர் காலமானார். அவர்தம் நிறை குறைகளுக்கான கணக்கு அல்லாஹ்விடம் உள்ளது.

வாசகர்களே! உங்கள் நண்பர் குழாத்தில் குடி புகுந்திருக்குமாயின், நீங்கள் காஸிம் பேக்காக நில்லுங்கள். நண்பரை அவமதியாமல், ஆபத்து நேரத்தில் அவருக்காக ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். முன்னரே வீழ்ந்தவராயின் மனம் தளராதீர்கள். நாற்பது வயதுக்குத் தவணையும் கூறாதீர்கள். உங்கள் கிண்ணம் உடையும் ஓசையை உங்கள் தோழர் கேட்டுக் கொண்டிருக்கிறார். முந்நூறு பேர் வேண்டாம். ஓர் அஸஸ் உங்களைத் தொடர்ந்தாலும் போதும்.

வல்ல நாயன் நம்மையும் நம் நண்பர்களையும் நேர்வழியில் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.