சேவையைப் படிப்பாக்கிய சகோதரி சுப்புலக்ஷ்மி



எங்கள் ஊரான மட்டாஞ்சேரியின் படகுத்துறையில் நின்றால் எதிரே வில்லிங்டன் தீவு தெரியும். துறைமுகத்துக்காகக் காயலை ஆழப்படுத்தியபோது வாரிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண கவர்னராகவும் பிற்பாடு வைஸ்ராயாகவும் இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார்கள். அவருடைய மனைவியின் பெயரில் சென்னையில் ஓர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி 1922-ல் ஏற்பட்டது. அதன் முதல் தலைவியாக இருந்து நடத்தியவர் நம் சமூகத்தில் பிறந்த ஒரு பால்ய விதவை. சகோதரி சுப்புலக்ஷ்மி என்றும் 'சிஸ்டர்' என்றும் ஊரார் அழைத்த ஆர்.எஸ். சுப்புலக்ஷ்மி அம்மாள்தான் அவர்.

இப்போது அவரைப் பற்றி எழுதக் காரணம் என் பேத்தி. பி.ஏ. முடித்த கையோடு, களமசேரி ராஜகிரி கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. சேரப் போவதாகவும், ஆதரவற்ற குழந்தைகளுக்கான வேலைக்கே போகப் போவதாகவும் சொல்லிவிட்டாள். வீட்டில் ஒரே அமளி. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு காலேஜ் படிப்பா என்று வெளிநாட்டிலிருக்கும் உறவினர்கள் போனில் கேலி செய்தார்கள். பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் என் முகத்தைப் பார்த்தார்கள். சுப்புலக்ஷ்மி அம்மாளின் சரித்திரத்தைத்தான் நான் அவர்களுக்குச் சொன்னேன்.

தஞ்சை ஜில்லா ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்ட சுப்ரமணிய ஐயர், விசாலாக்ஷி தம்பதியரின் மூத்த புத்திரியாக 1886 ஆகஸ்ட் 18-ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். ஒன்பது வயதில் நாலாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறிய சூட்டிகையான குழந்தை. அக்கால வழக்கப்படி பதினோரு வயதில் விவாஹம் நடந்தது. சில காலத்திலேயே கணவர் காலமாகிவிட்டார். விதவையின் முகத்தில் விழிப்பதே அபசகுனம் என்று நம் அக்ரஹாரங்கள் நம்பிய நாட்கள் அவை. ஆனால் அந்தப் பெற்றோர் பெண்ணின் தலையை மழிக்கவில்லை, மூலையிலும் உட்கார வைக்கவில்லை. மேலே படிக்க வைத்தார்கள். உறவும் ஊரும் தூற்றியதைப் பொறுத்துக்கொண்டார்கள். பால்ய விதவையான சித்தி வாலாம்பாளும் அந்த வீட்டில் இருந்து உறுதுணையாக நின்றார்.

கான்வென்ட் பள்ளியில் படித்தபோது, குடும்பமின்றிப் பிறர் குழந்தைகளுக்கே வாழ்வை அர்ப்பணித்த கன்னியாஸ்திரீகளைக் கண்டது அவர் மனதில் ஆழப் பதிந்தது. மதம் மாறாமலே அப்படி ஒரு வாழ்வை நம் பெண்களும் வாழ முடியாதா என்ற எண்ணம் அப்போது உதித்ததுதான். 1911-ல் பிரஸிடென்சி கல்லூரியில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து விதவை அவரே.

அடுத்து அவர் செய்ததில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது. ஒரு பக்கம், போக்கிடமில்லாமல் சமையலறையில் முடங்கிய ஆயிரக்கணக்கான இளம் விதவைகள். மறு பக்கம், பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்காமல் திண்டாடிய சர்க்கார். ஆண் வாத்தியார் என்றால் வயது வந்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். இவ்விரண்டு குறைகளையும் ஒன்றுக்கொன்று மருந்தாக்கினார் சுப்புலக்ஷ்மி அம்மாள். பெண் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற ஐரிஷ் மாது சர்க்கார் உதவிக்கு வழி செய்தார்.

1912-ல் எழும்பூரில் தம் வீட்டிலேயே நாலே பெண்களுடன் ஆரம்பித்தார். அதே வருஷம் சாரதா மகளிர் சங்கத்தையும் நிறுவினார். பெண்களின் எண்ணிக்கை பெருகவே, கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸுக்குக் குடியேறினார்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த கட்டிடம் அது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. அடுப்படியைத் தவிர வேறெதையும் அறியாத பெண்கள் அங்கே தங்கிப் படித்துப் பரீட்சை எழுதி ஆசிரியைகளாக வெளிவந்தார்கள். கையில் சம்பளம், பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம். அதுவரை பாரம் என்று நினைத்த குடும்பங்களை அவர்களே தாங்கினார்கள்.

விடுதியில் சேர்ந்து படித்தால் மட்டும் போதாது, குழந்தைக்குக் கற்பிப்பதையே முறையாகக் கற்க வேண்டும் என்பதற்காக வந்ததுதான் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி. கூடவே ஒரு மாதிரிப் பள்ளி. வகுப்பில் படித்ததை அங்கேயுள்ள குழந்தைகளிடம் செய்து பார்க்க வேண்டும். பேத்தியின் படிப்பில் களப்பணி என்கிறார்களே, அதுவும் இதே தத்துவம்தான். அன்பு இருந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். பயந்து போன குழந்தையிடம் எப்படிப் பேசுவது, சட்டம் என்ன சொல்கிறது, யாரிடம் கொண்டு சேர்ப்பது என்பதெல்லாம் அன்பினால் மட்டும் தெரிந்துவிடாது.

அவர் மீது குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐஸ் ஹவுஸ் சர்க்கார் விடுதியில் பிராமண விதவைகளுக்கு மட்டுமே இடம் என்பதை அன்றும் இன்றும் பலர் கண்டித்திருக்கிறார்கள். அது நியாயமான கண்டனமே. ஆனால் அவர் அந்த வேலிக்குள்ளேயே நின்றுவிடவில்லை. கடற்கரைக் குப்பத்து மீனவக் குழந்தைகளுக்கும் பள்ளி வைத்தார். குழந்தைத் திருமணத்தை விசாரித்த ஜோஷி கமிட்டி முன் சாட்சி சொன்னார். அந்தத் தடைச் சட்டம் 1930-ல் அமலுக்கு வந்தது. சாரதா வித்யாலயாவும், 1942-ல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீ வித்யா கலாநிலையமும், 1954-ல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் சமூக நல மையமும் அவர் முயற்சியால் ஏற்பட்டவை. 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை அங்கத்தினர். 1958-ல் பத்மஸ்ரீ. 1969 டிசம்பர் 20-ல் தமது எண்பத்து மூன்றாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். பெற்ற பிள்ளை ஒன்றில்லை. அவரை அம்மா ஸ்தானத்தில் வைத்தவர்களுக்குக் கணக்கில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பேத்தி என்னை ஒரு கேள்வி கேட்டாள். நான் ஏன் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகவில்லை என்று. எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் விண்ணப்பத் தாள் வாங்கி வந்தேன். வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். பெட்டியடியில் வைத்த தாள் எப்போது தொலைந்ததென்றே தெரியவில்லை. இந்த வயது வரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். என் பிள்ளை ஒன்றும் பேசாமல் எழுந்து வாசலுக்குப் போனான்.

மறுநாள் காலை பேத்தியின் விண்ணப்பத்துக்குப் பணம் கட்டியது அவன்தான். அரைமனதோடுதான் கட்டினான். ஆனாலும் கட்டினான்.

உங்கள் ஊரிலும் உங்கள் வீட்டிலும் ஒரு பெண்ணோ பிள்ளையோ இப்படிக் கேட்கலாம். ஆயா வேலை என்று தள்ளிவிடாதீர்கள். நூறு வருஷங்களுக்கு முன் நம் வீட்டுப் பெண்களைத் தலைநிமிர்த்தியது அந்தப் படிப்புதான்.