அன்னையர் கண்ணீர் துடைத்த அறிஞர்

நவம்பர் 14 என்றதும் குழந்தைகள் தினமே நம் நினைவுக்கு வரும். நேரு மாமா பிறந்த அதே தேதியில், 1891ஆம் ஆண்டில், கனடா நாட்டில் பிறந்த ஒருவரும் குழந்தை உலகுக்குப் பெருந்தொண்டு புரிந்தார். அவரே இன்சுலின் கண்ட மாமேதை ஃபிரெடெரிக் பேண்டிங். அவர் நினைவாகவே நவம்பர் 14 உலக நீரிழிவு நாளாகவும் கொண்டாடப்படுகிறது.

ஒன்டாரியோ மாநிலத்தில் அலிஸ்டன் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தின் ஐந்தாவது பிள்ளை பேண்டிங். மகன் சமயப் போதகராக வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். அவரோ டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றி, 1918இல் காயமுற்று, வீரப்பதக்கமும் பெற்றார். 1920இல் கனடாவிலுள்ள லண்டன் நகரில் மருத்துவ நிலையம் திறந்தார். நோயாளிகளோ வரவில்லை. முதல் மாத வருமானம் வெறும் 4 டாலர்!

அந்நாளில் ஒரு குழந்தைக்கு நீரிழிவு என்று மருத்துவர் சொன்னால், பெற்றோருக்கு அது மரண ஓலையாகவே ஒலித்தது. நம் உடலில் கணையம் என்ற உறுப்பு இன்சுலினைச் சுரக்கிறது. அது சுரக்காவிட்டால் உண்ட உணவு உடலில் சேராது. ஆகவே உணவைக் குறைத்து உயிரைச் சிறிது நீட்டுவதே அன்றைய வைத்தியம். பசியால் அழும் பிள்ளைக்குத் தாயே உணவை மறுக்க வேண்டும். ஒவ்வொரு கவளத்தையும் தராசில் நிறுத்துத் தர வேண்டும். ஊட்டி வளர்க்க வேண்டிய கை, தட்டைப் பறிக்க வேண்டிய கொடுமையை என்னென்பது!

1920 அக்டோபர் இறுதியில் ஓர் இரவு, கணையத்தைப் பற்றிய கட்டுரையொன்றைப் படித்த பேண்டிங்கின் உள்ளத்தில் புதிய எண்ணம் உதித்தது. டொராண்டோவில் பேராசிரியர் மெக்லியாட் ஆய்வுக்கூடம் தந்து உதவினார். 1921 கோடையில் பெஸ்ட் என்ற மாணவருடன் சேர்ந்து பேண்டிங் இரவு பகலாக உழைத்தார். பின்னர் காலிப் என்ற அறிஞர் அம்மருந்தைத் தூய்மைப்படுத்தினார்.

1922 ஜனவரி 11 அன்று, சாகும் தறுவாயிலிருந்த லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு, தந்தையின் சம்மதத்துடன் முதல் ஊசி போடப்பட்டது. அது போதிய பலன் தரவில்லை. ஜனவரி 23 முதல் தூய மருந்து செலுத்தப்பட, சிறுவன் தேறினான். அவ்வாண்டு ஜூலையில் ஐந்து வயது டெடி ரைடர், ஏறக்குறைய 12 கிலோ எடையுடன் டொராண்டோ வந்தான். இன்சுலின் பெற்று வீடு திரும்பியபின், தான் குண்டாகிவிட்டதாகவும் மரம் ஏறுவதாகவும் அவன் பேண்டிங்குக்குக் கடிதம் எழுதினான். அச்சிறுவன் 76 வயது வரை வாழ்ந்தான்!

அமெரிக்க அமைச்சர் ஹியூஸ் அவர்களின் மகள் எலிசபெத்துக்கு 11 வயதில் இந்நோய் வந்தது. மூன்றாண்டுப் பட்டினி வைத்தியத்தில் அவள் எடை ஏறக்குறைய 20 கிலோவாகச் சுருங்கியது. அவளுடைய அன்னை பேண்டிங்குக்குக் கடிதம் எழுதி மன்றாடினார். மருந்து போதாமையால் முதலில் மறுத்த பேண்டிங், பின்னர் 1922 ஆகஸ்டில் அவளை ஏற்றுக்கொண்டார். எலிசபெத் தன் கையாலேயே ஊசி போடக் கற்றாள், கல்லூரி சென்றாள், மணமுடித்து மூன்று மக்களுக்குத் தாயானாள், 1981 வரை வாழ்ந்தாள். ஆயினும் தனக்கு நீரிழிவு உண்டு என்பதை வாழ்நாள் முழுவதும் பெரும்பாலோரிடம் மறைத்தே வாழ்ந்தாள்.

இது நம்மைச் சிந்திக்கச் செய்கிறது. இன்சுலின் உயிரைக் காக்கும். நோயை அடியோடு நீக்காது. மருத்துவர் பணி முடியும் இடத்தில் பெற்றோர் பணி தொடங்குகிறது. நாள்தோறும் ஊசி, விரல் நுனியில் இரத்தச் சோதனை, அளவறிந்த உணவு என அவர்களுக்கு ஓய்வே இல்லை. சர்க்கரை திடீரெனக் குறைந்து பிள்ளை வியர்த்து நடுங்கினால், உடனே சர்க்கரையோ பழச்சாறோ கொடுக்க வேண்டும். நள்ளிரவிலும் விழித்துப் பார்க்கும் அன்னையர் எத்தனையோ பேர்! சிறுவயதில் வரும் இந்நோய் இனிப்பு தின்றதால் வருவதன்று. பெற்றோர் செய்த குற்றமுமன்று. அப்படியிருக்க, பெண் குழந்தை என்றால் பிற்காலத் திருமணத்தை எண்ணி மூடி மறைப்பது சரியாகுமா? மறைத்தால் ஆபத்து நேரத்தில் ஆசிரியையும் தோழியும் எவ்வாறு உதவுவர்?

1923இல் பேண்டிங்கும் மெக்லியாடும் நோபல் பரிசு பெற்றனர். பேண்டிங் தம் பங்கில் பாதியைப் பெஸ்ட்டுக்கு அளித்தார். கோடி கோடியாய்ப் பொருள் தரக்கூடிய காப்புரிமையைக் கண்டுபிடித்தோர் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்தனர். 1941 பிப்ரவரியில் நியூஃபவுண்ட்லாந்தில் நேர்ந்த விமான விபத்தில் பேண்டிங் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 49.

அன்புத் தோழியரே! நம் வகுப்பில் ஒருத்தி பாட வேளையில் சிற்றுண்டி உண்ண நேர்ந்தால் கேலி செய்யாதிருப்போம். ஊசி போட்டுக்கொள்ள ஒதுங்கினால் துணை நிற்போம். பேண்டிங் மருந்தைத் தந்தார். அச்சமின்றி வாழும் துணிவை நாம் தருவோமாக!