காற்றுக்கும் கடலுக்கும் கணக்குப் போட்டவர்

ரெக்கார்டு நோட்டு எழுதச் சொன்னாலே நமக்கெல்லாம் கசக்கும். ஆனால் அதே மாதிரி நோட்டுகளை வைத்துக் கடலுக்கே பாதை போட்டார் ஒருவர். அவர்தான் மேத்யூ ஃபான்டெய்ன் மோரி.

1806-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தார். வசதி இல்லாத விவசாயக் குடும்பம். கடற்படையில் சேர்ந்த அண்ணன் மஞ்சள் காய்ச்சலில் இறந்துவிட்டதால், இவரையும் அனுப்ப அப்பாவுக்கு மனசே வரவில்லை. ஆனாலும் 1825-ல், 19 வயசில் சேர்ந்துவிட்டார். 1839-ல் குதிரை வண்டி கவிழ்ந்து கால் முறிந்தது. கப்பல் வாழ்க்கை அதோடு போச்சு!

1842-ல் வாஷிங்டனில் கடற்படையின் வரைபடக் கிடங்குப் பொறுப்பு கிடைத்தது. அங்கே பழைய கப்பல்களின் லாக் புக்குகள் தூசி படிந்து கிடந்தன. எந்த இடத்தில், எந்த மாசத்தில், காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் தொகுத்தார். 1847-ல் காற்று, நீரோட்ட வரைபடங்கள் வெளிவர ஆரம்பித்தன. கப்பல்களின் பயண நாட்கள் குறைந்தன. 1853-ல் பிரஸ்ஸல்ஸில் 10 நாடுகள் கூடி, எல்லாரும் ஒரே முறையில் குறிப்பு எடுப்பது என்று முடிவு செய்தன.

விஷயம் இதுதான். நிலநடுக்கோட்டுப் பக்கம் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து வீசுது. 30 டிகிரிக்கு அப்பால் மேலைக் காற்று மேற்கிலிருந்து வீசுது. இரண்டும் கடலின் மேல்தண்ணீரைத் தள்ளும். பூமி சுற்றுவதால் அந்தத் தண்ணீர் வடபாதியில் வலப்பக்கமும் தென்பாதியில் இடப்பக்கமும் விலகும். கரைகளும் தடுக்க, வட அட்லாண்டிக்கில் கடிகார முள் போலப் பெரிய வட்டமாக ஓடும். வளைகுடா நீரோட்டம் அதன் மேற்கு ஓரம்.

ஆனால் மோரியே இதை ஒப்புக்கொள்ளவில்லை! வெப்பமும் உப்பும்தான் முக்கியக் காரணம் என்று 1855-ல் எழுதிய புத்தகத்தில் வாதாடினார். ஆழ்கடலுக்கு அது பொருந்தும். மேல் நீரோட்டங்களுக்குக் காற்றே முதல் காரணம். காற்று தண்ணீரை எப்படி நகர்த்துகிறது என்பதை 1905-ல் ஸ்வீடனின் எக்மன் கணக்குப் போட்டே காட்டினார். மோரியின் விளக்கம் போனது. அவர் தொகுத்த ரீடிங்குகள் நின்றன.

1861-ல் உள்நாட்டுப் போர் வந்தபோது, அடிமைமுறையைக் காக்கப் போராடிய தென் மாநிலங்களின் பக்கம் போனார். அது பெரிய களங்கம். மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது. 1873-ல் காலமானார்.

எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். மோரி ஒரு மேதை என்பதைவிட, பெயர் தெரியாத எத்தனையோ மாலுமிகள் தினமும் ஒழுங்காக எழுதினார்கள் என்பதுதான் எனக்குத் தெம்பு தருது. தோழர்களே, ரீடிங்கைப் பார்த்து எழுதுவோம். பக்கத்து நோட்டைப் பார்த்து அல்ல!