கூடாரத்தில் நடந்த வைத்தியம்
மனநோயாளிகளின் வீட்டாரையே நர்சுகளாக்கிய டாக்டர் வித்யாசாகர்

ஓசூரில் இருந்து பெங்களூருக்குப் பஸ்சில் போகிறவர்கள் அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்திருப்பார்கள். ஓசூர் ரோட்டின் ஓரத்திலேயே இருக்கிறது. அதன் பெயர் நிம்ஹான்ஸ். மனநோய்க்கும் மூளை நோய்க்கும் பேர்போன ஆஸ்பத்திரி. ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, கிருஷ்ணகிரி பக்கத்து மக்கள் பலர் அங்கே போய் வந்திருக்கிறார்கள். போய் வந்ததை வெளியே சொல்லாதவர்களும் உண்டு.

அங்கே மனநோயாளியைப் படுக்கையில் சேர்க்கும்போது, வீட்டார் ஒருவரும் கூடத் தங்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சிலருக்கு இது சங்கடமாக இருக்கும். கம்பெனியில் லீவு கிடைக்காது. சம்பளம் போகும். வீட்டில் கறவை மாடு இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். டாக்டர் இருக்கிறார், நர்சு இருக்கிறார், நாம் எதற்கு என்று நினைப்பார்கள்.

நாம் எதற்கு? இந்தக் கேள்விக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு டாக்டர் பதில் கண்டார். அதைச் செய்தும் காட்டினார்.

அவர்தான் டாக்டர் வித்யாசாகர். வங்காளத்து ஈசுவர சந்திர வித்யாசாகர் வேறு. இவர் பஞ்சாபில் பணியாற்றிய மனநோய் டாக்டர்.

பூட்டும் மதிலும்

அந்தக் காலத்தில் மனநோய் ஆஸ்பத்திரி என்றால் மக்கள் நடுங்கினார்கள். உயர்ந்த மதில். பெரிய கதவு. கதவில் பூட்டு. 1912-ம் ஆண்டு வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த சட்டப்படி, பெரும்பாலான நோயாளிகள் மாஜிஸ்திரேட்டின் உத்தரவின் பேரில்தான் உள்ளே போனார்கள். குற்றவாளி ஜெயிலுக்குப் போவது போலவே இருந்தது.

உள்ளே போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. கொண்டுவந்து விட்ட சொந்தக்காரர்கள் எட்டிப் பார்க்கவில்லை. நோய் தணிந்த பிறகும் கூட்டிப் போக ஆள் இல்லை. ஆஸ்பத்திரியிலேயே தலை நரைத்து, ஆஸ்பத்திரியிலேயே செத்தவர்கள் உண்டு.

அங்கு வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் காவல்காரர்கள் போல இருந்தார்கள். நோயாளி ஓடாமல் பார்ப்பது, அடிதடி நடக்காமல் பார்ப்பது, இதுதான் வேலை. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதும் ஒரு வைத்தியம் என்று நினைத்தவர்கள் மிகச் சிலரே.

எல்லையைத் தாண்டிய நோயாளிகள்

1947-ல் நாடு பிரிந்தது. பஞ்சாப் இரண்டாகியது. லாகூர் நகரம் பாகிஸ்தானுக்குப் போனது. லாகூரில் பெரிய மனநோய் ஆஸ்பத்திரி இருந்தது. அதில் இந்துக்களும் சீக்கியர்களும் இருந்தார்கள்.

நிலத்தைப் பிரித்தார்கள். பணத்தைப் பிரித்தார்கள். பிறகு மனநோயாளிகளையும் பிரித்தார்கள். 1950-ம் ஆண்டு, லாகூரில் இருந்து சுமார் 450 இந்து, சீக்கிய நோயாளிகள் எல்லை தாண்டி அமிர்தசரசுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இந்தியாவில் இருந்த முஸ்லிம் நோயாளிகள் அங்கே அனுப்பப்பட்டார்கள். சதத் ஹசன் மண்டோ என்ற எழுத்தாளர் இதை வைத்தே ஒரு சிறுகதை எழுதினார். டோபா டேக் சிங் என்பது அதன் பெயர். அது உலகப் புகழ் பெற்றது.

அமிர்தசரஸ் ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. டாக்டர்கள் குறைவு. பயிற்சி பெற்ற நர்சுகள் அதைவிடக் குறைவு. இந்த ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பைத்தான் 1950-களின் தொடக்கத்தில் வித்யாசாகர் ஏற்றார்.

பட்டாளத்துக் கூடாரம்

கட்டடம் கட்டப் பணம் இல்லை. ஆட்களைச் சேர்க்கவும் வழி இல்லை. வேறு ஒருவராக இருந்தால் மேலிடத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுச் சும்மா இருந்திருப்பார். வித்யாசாகர் சும்மா இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியைச் சுற்றிலும் திறந்தவெளி கிடந்தது. பட்டாளத்தார் பயன்படுத்திய பழைய கூடாரங்களை வாங்கினார். அந்த வெளியில் வரிசையாக அடித்தார். நோயாளியைக் கொண்டுவந்த சொந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பவில்லை. நோயாளியோடு கூடாரத்தில் தங்கும்படி சொன்னார்.

அதுவரை கேள்விப்படாத காரியம் அது. அம்மா, அப்பா, மனைவி, அண்ணன், தம்பி என்று வீட்டார் வந்து தங்கினார்கள். நோயாளி தனியாக விடப்படவில்லை. தெரியாத காவல்காரனின் கையில் ஒப்படைக்கப்படவும் இல்லை. பெற்றவளே பக்கத்தில் இருந்தாள். கட்டியவளே சாப்பாடு கொடுத்தாள்.

வித்யாசாகர் அவர்களைச் சும்மா உட்கார வைக்கவில்லை. நோயாளிகளையும் வீட்டாரையும் ஒன்றாகக் கூட்டிப் பேசினார். மனநோய் ஏன் வருகிறது, எப்படிக் குணமாகிறது, வீட்டுக்குப் போன பிறகு எப்படிக் கவனிப்பது என்று விளக்கினார். படிக்காத விவசாயிக்கும் புரிகிற மாதிரி சொன்னார். மக்களுக்குத் தெரிந்த பழைய கதைகளைச் சொல்லிப் புரிய வைத்தார்.

மருந்தும் மின்சார சிகிச்சையும் நடந்தன. அவற்றை அவர் ஒதுக்கவில்லை. மருந்தோடு மனிதரையும் சேர்த்தார். அதுதான் புதுமை.

மூன்று லாபம்

பல நோயாளிகள் சில வாரங்களிலேயே தேறி, வந்தவர்களோடு வீடு திரும்பினார்கள். ஆயுள் முழுவதும் அடைபட வேண்டியவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

இதில் மூன்று லாபம் இருந்தது.

ஒன்று, மனநோய் தீராது என்ற பயம் போயிற்று. பக்கத்துக் கூடாரத்து நோயாளி தேறுவதைக் கண்ணாலே பார்த்தார்கள். பார்த்த பிறகு யார் நம்பாமல் இருப்பார்கள்?

இரண்டு, வீட்டார் நர்சு வேலையைக் கற்றுக்கொண்டார்கள். நோய் மறுபடி தலைகாட்டினால் முதலிலேயே கண்டுபிடிக்கத் தெரிந்தது.

மூன்று, ஊர் திரும்பியவர்கள் தாங்கள் கற்றதை ஊராருக்கும் சொன்னார்கள். பேய் பிடித்தது என்று அடித்துத் துன்புறுத்துவது தவறு என்ற செய்தி கிராமங்களுக்குள் போயிற்று.

உலகம் கண்டுகொண்டது

அதே காலத்தில் உலகின் மற்ற இடங்களிலும் மாற்றம் நடந்தது. 1952-ல் பிரான்ஸ் நாட்டில் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொந்தளித்த நோயாளிகள் அடங்கினார்கள். அதே 1952-ல் அமெரிக்காவில் ஹில்டகார்டு பெப்லாவ் என்ற நர்சு ஒரு புத்தகம் எழுதினார். நர்சுக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே குணப்படுத்தும் கருவி என்பது அதன் சாரம். இன்று மனநோய் நர்சுகளுக்கு அதுதான் அரிச்சுவடி.

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர், குணமாகி வீடு திரும்பியவர்களை ஆராய்ந்தார். ஓயாமல் குறை சொல்லும் வீட்டில் நோய் சீக்கிரம் திரும்பி வருவதைக் கண்டார். பின்னாளில் சண்டிகரிலும் இதே ஆராய்ச்சி நடந்தது. லண்டனைவிட அங்கே குறை சொல்லும் வீட்டார் குறைவு. நோய் திரும்புவதும் குறைவு. ஆக, வீட்டில் பேசும் பேச்சும் மருந்தாகிறது. அதே பேச்சு விஷமும் ஆகிறது.

நம் தமிழ்நாட்டிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-ல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியது. அங்கும் நோயாளியோடு வீட்டார் தங்கும் முறை வந்தது. பெங்களூரிலும் குடும்பத்தோடு தங்கும் வார்டுகள் வந்தன.

வித்யாசாகர் பிற்காலத்தில் ரோத்தக் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகவும் இருந்தார். 1978-ல் காலமானார். அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. டெல்லியில் ஒரு மனநல ஆஸ்பத்திரிக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

ஏர்வாடி நெருப்பு

அவர் காட்டிய வழியை எல்லோரும் பின்பற்றவில்லை. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் இருந்த ஒரு விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். நாடே பதறியது.

அவர்கள் அனாதைகள் அல்லர். ஒவ்வொருவரையும் யாரோ ஒரு சொந்தக்காரர்தான் அங்கே கொண்டுவந்து விட்டிருப்பார். குணமாகும் என்ற நம்பிக்கையில் விட்டவரும் இருப்பார். பாரம் தாங்காமல் விட்டவரும் இருப்பார். எப்படிக் கவனிப்பது என்று அவர்களுக்குச் சொல்லித்தர அருகில் ஒரு வித்யாசாகர் இல்லை.

2017-ம் ஆண்டு வந்த மனநலச் சட்டப்படி, மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது.

ஓசூருக்கு என்ன பாடம்?

ஓசூரில் சிப்காட் கம்பெனிகள் இருக்கின்றன. எங்கெங்கிருந்தோ இளைஞர்களும் இளம்பெண்களும் வேலைக்கு வருகிறார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் ஒரே தெருவில் கேட்கிறது. ஒரே அறையில் நாலைந்து பேர் தங்குகிறார்கள். ராத்திரி ஷிப்டு பார்க்கிறார்கள். தூக்கம் கெடுகிறது. பெற்றோர் எங்கோ இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பையன் திடீரென்று பேச்சைக் குறைத்தால் யார் கவனிப்பது? தூங்காமல், சாப்பிடாமல், காதில் குரல் கேட்பதாகச் சொன்னால் யார் பார்ப்பது? அறையில் கூட இருப்பவர்தான் அப்போது அண்ணன், அவரேதான் நர்சு. கேலி செய்யாமல் அவனை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். வீட்டுக்கும் சொல்ல வேண்டும்.

வீட்டார் செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. குரல் கேட்கிறது என்று நோயாளி சொன்னால், பொய் என்று சண்டை போடக் கூடாது. ஆமாம், எனக்கும் கேட்கிறது என்று ஏமாற்றவும் கூடாது. உனக்குப் பயமாக இருக்கிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று தைரியம் சொல்ல வேண்டும்.

குளிப்பது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். காய் நறுக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலை கொடுக்க வேண்டும். செய்து முடித்தால் பாராட்ட வேண்டும். தேறிவிட்டது என்று டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. சாக வேண்டும் என்று சொன்னால், விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். எல்லாப் பாரத்தையும் வீட்டுப் பெண் ஒருத்தி தலையில் வைக்கக் கூடாது. முறை வைத்துப் பார்க்க வேண்டும். கவனிப்பவருக்கும் தூக்கம் வேண்டும், ஓய்வு வேண்டும்.

அவசரத்துக்கு டெலி மனாஸ் என்ற அரசு உதவி இருக்கிறது. டெலிபோன் எண் 14416. எந்த நேரமும் பேசலாம். காசு இல்லை. தமிழிலும் பேசுவார்கள்.

அமிர்தசரஸ் கூடாரங்கள் எப்போதோ பிரிக்கப்பட்டுவிட்டன. ஆனால் ஓசூர் ரோட்டு ஆஸ்பத்திரியில் இன்றும் மகன் பக்கத்தில் ஒரு தாய் பாய் விரித்துப் படுக்கிறாள். தான் இங்கே எதற்கு என்று அவள் கேட்டால், இந்தக் கதையை அவளுக்குச் சொல்லுங்கள்.