எதுகைக்கு அகராதி செய்த துறவி

வாசகரே, கோவில் திருவிழாவுக்கு ஒரு பாட்டு எழுதித் தாருங்கள் என்று உங்களை எவரேனும் கேட்டதுண்டா? முதலடி தானாகவே வந்துவிடும். தேவமாதாவை அசையாத மலைக்கு ஒப்பிட்டு ஓர் அடி எழுதிவிடுவீர்கள். இரண்டாம் அடி தொடங்க வேண்டிய இடத்திலேதான் பேனா நின்றுவிடும். மலைக்கு எதுகை தேட வேண்டும். அலை, கலை, சிலை, தலை, நிலை, விலை என்று விரல் மடித்து எண்ணிப் பார்ப்பீர்கள். சொல்ல வந்த கருத்துக்கு இசைந்த சொல் அகப்படாது. ஈற்றில் அலையையோ சிலையையோ இழுத்து வைத்துவிட்டு, கருத்தை அதன் பின்னால் நடக்க விடுவீர்கள்.

இந்தச் சங்கடத்துக்கென்றே தமிழில் தனியானதோர் அகராதி உண்டு. அதைத் தொகுத்தவர் தமிழர் அல்லர். இத்தாலி நாட்டிலிருந்து வந்த யேசு சபைக் குருவானவர். கொன்ஸ்தாந்து யோசேப்பு பெஸ்கி என்பது அவர் பெயர். வீரமாமுனிவர் என்றால் நம்மில் அறியாதார் இல்லை. அவருடைய தேம்பாவணியைப் பற்றியும் பரமார்த்த குருவின் கதையைப் பற்றியும் பாடசாலையிலே படித்திருப்பீர்கள். ஆனால் அவருடைய தொடையகராதியைக் கையில் எடுத்துப் பார்த்தவர் மிகச் சிலரே. அந்த மனிதரை அறிய விரும்புவோர் அங்கிருந்து தொடங்குவது நல்லது என்பது எமது எண்ணம்.

அவர் பிறந்தது 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி. ஊர் வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அண்மையிலுள்ள கஸ்திலியோனே. இளைஞரின் பாதுகாவலரான அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. 1698இல் யேசு சபையிற் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்ற பின் 1710இல் லிஸ்பன் துறையிலே கப்பலேறி, கோவா வந்திறங்கி, 1711இல் மதுரை மிசனை அடைந்தார். அதே 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதிதான் நம் நாட்டின் அப்போஸ்தலராகிய அர்ச். யோசே வாஸ் அடிகளார் கண்டியில் உயிர் நீத்தார்.

அப்போது பெஸ்கிக்கு வயது 30. ஒரு மொழியின் ஓசை செவியிற் படியும் பருவம் கடந்துவிட்டது. அவர் கேட்டு வளர்ந்த பாட்டுக்களில் ஓசை ஒத்து வருவது அடியின் கடைசியில். தபசு காலத்துச் சிலுவைப்பாதையிலே பாடப்படும் ஸ்தாபாத் மாத்தர் என்னும் இலத்தீன் கீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடி முடியும்போதுதான் ஓசை வந்து பொருந்தும். இத்தாலியப் பெருங்கவி தாஸ்ஸோவின் காப்பியமும் அவ்வாறே. எட்டு அடிகளில் முதல் ஆறும் ஒன்றுவிட்டு ஒன்று கடையோசை ஒத்து வர, ஈற்றடி இரண்டும் தமக்குள் ஒத்து முடியும். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிவன. ஆகவே ஒத்த ஓசைச் சொற்கள் அங்கே மலிவு. அப்படியிருந்தும் 16ஆம் நூற்றாண்டிலேயே கடையோசை ஒத்த சொற்களை வரிசைப்படுத்திய நூல்கள் அந்நாட்டில் அச்சில் வந்திருந்தன.

தமிழிலோ எல்லாம் தலைகீழ். இங்கே ஓசை ஒத்து வர வேண்டியது அடியின் தொடக்கத்தில். இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. அது மட்டும் போதாது; முதலெழுத்தும் அளவால் ஒத்திருக்க வேண்டும். மலைக்குக் கலை எதுகையாகும். மாலைக்குச் சோலை எதுகையாகும். ஆனால் மலைக்கு மாலை எதுகையாகாது, ஒன்று குறில், மற்றது நெடில். அடியின் இறுதி ஒத்து வருவதற்கும் இயைபு என்று ஒரு பெயருண்டு. ஆயினும் நம் பெருங்காப்பியங்களைத் தாங்குபவை எதுகையும் மோனையுமே. இத்தாலியன் ஒருவன் அடியின் முடிவை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது, தமிழ்ப் பாட்டு தன் ஓசையைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டு அப்பாற் போய்விடுகிறது.

நம் கரையோரக் கிராமங்களிலே நாட்டுக்கூத்துப் புனையும் அண்ணாவிமாருக்கு இவ்விலக்கணம் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கேட்ட ஓசை அவர்கள் செவியிலே இருக்கிறது. பெஸ்கிக்கு அந்தத் தாலாட்டு இல்லை. செவி செய்ய வேண்டியதை அவர் கண்ணாலும் கையாலும் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

அதையும் அமைதியான அறையில் இருந்து செய்யவில்லை. வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே குருக்கள்பட்டியில் சிறைப்பட்டு, மரண ஆபத்திலிருந்து தப்பினார். காவியுடுத்து, மரக்கறி உண்டு, தைரியநாதர் என்ற பெயரோடு ஊர் ஊராகத் திரிந்தார். கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோவில் எடுத்து, அவ்வூரைத் திருக்காவலூர் என அழைத்தார். கோணான்குப்பத்திலே பெரியநாயகி மாதாவுக்குக் கோவில் கட்டினார். ஞானஸ்நானம் கொடுப்பதும், நோயாளிகளைச் சந்திப்பதும், வழக்குத் தீர்ப்பதும், வேதியர்களைப் பயிற்றுவதும் அன்றாடப் பணி. இவற்றின் இடையிலேதான் ஏடும் எழுத்தாணியும். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்றார் என்பது மரபாக வழங்கும் செய்தி.

1726இல் தேம்பாவணி நிறைவெய்தியது. அர்ச். சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட காப்பியம். மூன்று காண்டம், 36 படலம், 3,615 விருத்தம். ஒரு விருத்தத்துக்கு நான்கு அடி. நான்கின் தொடக்கத்திலும் எதுகை ஒத்து வர வேண்டும். பெருக்கிப் பாருங்கள். 14,000க்கு மேற்பட்ட இடங்களில் அவர் எதுகைச் சொல்லைத் தேடி வைத்திருக்கிறார்.

அதிலும் நம்முடைய வேதத்தைப் பாடுவோருக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. எபிரேயப் பெயர்களும் கிரேக்கப் பெயர்களும் தமிழ் யாப்பில் இலேசில் அடங்குவதில்லை. சூசை என்னும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசை, ஓசை, பூசை என்று சில எதுகைகள் அதற்கு உண்டு, மீசையும் உண்டு! ஓரிரண்டு பாட்டுக்கு இவை போதும், ஒரு காப்பியத்துக்குப் போதுமா? முனிவர் அப்பெயரின் வேரைத் தேடிப் போனார். எபிரேய மொழியில் அது பெருகுதல் என்னும் பொருளைத் தருவது. ஆகவே தம் காப்பியத் தலைவருக்கு வளன் என்று பெயரிட்டார். அர்த்தம் சிதையவில்லை, சொல்லோ தூய தமிழாகிவிட்டது. அத்துடன் உளம், களம், குளம், தளம், அளவு, இளமை என்று எத்தனையோ சொற்களின் வாசலும் திறந்துவிட்டது. இவ்வாறே ஸ்நாபக அருளப்பரைக் கருணையன் என்றார். அப்பெயரின் எபிரேயப் பொருளும் இறைவனின் கருணையைக் குறிப்பதே. எதுகைக்காகவே பெயரை மாற்றினார் என்று நாம் சொல்ல வரவில்லை. பொருளை விட்டுக்கொடுக்காமலே ஓசையைத் தேடினார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இதனைச் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நத்தார் இதழுக்கென்று நமக்கு வரும் பாசுரங்களில், பாலனுக்கு எதுகையாகச் சீலன் வந்து, கோலம் வந்து, பிறகு வேறு சொல் அகப்படாமற் காலனையும் பெத்லெகேம் மாட்டுக்கொட்டிலுக்குள் அழைத்துவந்த பாசுரம் ஒன்றும் இருந்தது. பத்திரிகையில் வரும் பாட்டு வாசித்த பின் மறந்துபோகலாம். கோவிலிற் பாடப்படும் பாட்டு அப்படியன்று. வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நம் சனங்கள் பூசையிலே தாய்மொழியிற் பாடுகிறார்கள். ஞானோபதேசத்தை மறந்தவர்களுக்கும் பாட்டு மறப்பதில்லை. எதுகைக்காக நுழைந்த ஒரு தப்பான சொல் விசுவாசத்தோடு சேர்ந்து மூன்று தலைமுறைக்கு நிலைத்துவிடும்.

தேம்பாவணியைப் பாடியவர் கவிராயரே, முனிவர் தம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு நெடுநாள் உலவியது. வெளிநாட்டான் ஒருவனால் இது கூடுமா என்பதே அந்தப் பேச்சின் அடி. இதற்குப் பதிலாகப் பலர் அவருடைய மேதையைப் புகழ்வார்கள். நாம் அவருடைய அகராதியைக் காட்டுவோம். பிறர் பாடியதைத் தமதென்று கொள்பவர் எதுகைச் சொற்களை ஒன்றொன்றாகப் பொறுக்கி வரிசைப்படுத்திக்கொண்டு இருக்கமாட்டார். அவ்வேலை பாட்டெழுதிக் களைத்தவருக்குத்தான் தோன்றும்.

1730இல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் விளக்கித் தொன்னூல் விளக்கம் இயற்றினார். 1732இல் சதுரகராதி வந்தது. பெயருக்கேற்ப அது நான்கு அகராதி. ஒரு சொல்லுக்குள்ள பல பொருளைத் தருவது பெயரகராதி. ஒரு பொருளுக்குள்ள பல பெயரைத் தருவது பொருளகராதி. முக்கனி, ஐம்பொறி போன்ற தொகைகளை விரிப்பது தொகையகராதி. நான்காவது தொடையகராதி, எதுகை ஒத்த சொற்களை ஓரிடத்தில் திரட்டி வைப்பது.

அதற்கு முன் தமிழர் சொற்பொருள் கற்றது நிகண்டுகளில். திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி எல்லாம் செய்யுள். மாணவர் மனனம் செய்தே தீரவேண்டும். யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் அதுவே வழக்கம். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லின் பல பொருளை எதுகை வரிசையிலேயே அடுக்கியிருக்கிறது. ஆகவே எதுகையால் சொற்களை நிரைப்படுத்தும் எண்ணம் நம் முன்னோருக்கும் இருந்தது. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் சொற்களை அகர வரிசைப்படுத்தியதும் உண்டு, முதலெழுத்தளவில். முனிவரோ அடுத்தடுத்த எழுத்துக்களையும் வரிசையிற் கொண்டுவந்தார். செய்யுளை விட்டுச் சொல்லையும் பொருளையும் நேரே நிறுத்தினார். மனனம் செய்யாதவனும் புரட்டிப் பார்த்துக் காணலாம். வயது வந்த பின் தமிழ் கற்ற ஒருவர் தமக்கு எது தேவைப்பட்டது என்பதை அறிந்து செய்த வேலை இது.

அவர் செய்த எழுத்துத் திருத்தமும் இதனோடு சேர்த்துப் பார்க்கத் தக்கது. அக்காலத்து ஓலையில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இருந்த வேற்றுமை ஒரு புள்ளியே. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதையும் விட்டுவிடுவார்கள். குறில் எது, நெடில் எது என்று தெரியாதவனுக்கு எதுகை எங்கே? இவற்றை வேறுபடுத்தி எழுதும் முறையை முனிவர் வகுத்தார். இன்று நீங்கள் செடி என்றும் சேடி என்றும் தடுமாறாமல் வாசிப்பது அதனாலேதான்.

கற்றோருக்கு மட்டும் அவர் எழுதவில்லை. கித்தேரி அம்மாள் அம்மானை எளிய சனங்கள் பாடிக் கேட்பதற்கானது. வேதியர்களுக்கென்று 1727இல் வேதியர் ஒழுக்கம் எழுதினார். 1728இல் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை, 1738இல் அச்சிட்டவர்கள் அவர் வேத விடயத்தில் ஓயாமல் வாதாடிய தரங்கம்பாடி லுத்தரன் சபையாரே. இதே காலத்தில் ஒல்லாந்தரின் கெடுபிடிகளுக்கிடையே இலங்கையிலே யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிக்கொண்டிருந்தார். ஒரே பணி, இடையிலே கடல்.

1741இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றியபின் அந்நாட்டில் அமைதி இல்லாது போயிற்று. முனிவர் தெற்கே சென்றார். 1747ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி, இன்றைய கேரளத்திலுள்ள அம்பலக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். சொல் திரட்டி வாழ்ந்தவருக்கு அது பொருத்தமான ஊர். அன்ரம் தெ புரோயென்சா அடிகளாரின் தமிழ் போர்த்துக்கேய அகராதி 1679இல், முனிவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டு, அச்சானதும் அம்பலக்காட்டிலேதான்.

அதன்பின் 1773இல் யேசு சபை கலைக்கப்பட்டது. முனிவரின் ஏடுகள் ஊர் ஊராகச் சிதறின. 1816இல் எல்லிஸ் துரையின் விருப்பப்படி முத்துச்சாமிப் பிள்ளை என்பவர் அவற்றைத் தேடிப் புறப்பட்டார். முனிவரின் சரித்திரத்தையும் 1822இல் அவரே எழுதினார். 1824இல் சென்னைக் கோட்டைக் கல்லூரியார் சதுரகராதியை அச்சேற்றினர். தேம்பாவணி புதுவையில் 1851 தொடக்கம் 1853 வரை அச்சாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கல்லூரி, கும்பெனியின் ஆங்கில உத்தியோகத்தருக்குத் தமிழ் படிப்பிக்க ஏற்பட்டது. வரி தண்ட வந்தவர்களுக்கு எதுகைச் சொல் எதற்கென்று கேட்கத் தோன்றும். ஆயினும் நூலைப் பார்வையிட்ட தமிழ்ப் புலவர்கள் நான்காம் பகுதியை விட்டுவிடவில்லை. நான்கும் ஒரே கட்டாக வெளிவந்தன.